இரண்டு கைப்பிடிகள்

பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிறுவனம் வடிவமைத்த ‘கிரண்’, 1964-இல் முதன்முதலாகப் பறந்த விமானப்படைப் பயிற்சி ஜெட். தாம்பரம் தளத்தில் பயிற்றுநர்களும் அதில் பழகினார்கள். அதை 1:32 அளவில் மாதிரியாகச் செய்தால், இறக்கைகளின் விரிவு சுமார் 33 செ.மீ. வரும். நுணுக்கமான வேலை விமானி அறையில்தான்: அலுமினியத் தாளை மெல்லிய நாடாவாக நறுக்கி இருக்கைப் பட்டைகள், கம்பியை வளைத்து, விமானத்தை ஓட்டும் கைப்பிடிகள். இருக்கையும் இரண்டு, கைப்பிடியும் இரண்டு. மாணவர் ஓட்டுவார், ஆசிரியரின் கை பக்கத்திலேயே தயாராக இருக்கும், அவசரப்பட்டுப் பிடுங்காது. தேனிப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியைக் குச்சியில் கட்டிப் பந்தலுக்கு ஏற்றிவிடும் விவசாயியின் பக்குவமும் அதுதான். பிள்ளை வளர்ப்பிலும் அப்படித்தான்: பிள்ளைகளுக்கு அருகில் இருங்கள். ஓட்டுவதை அவர்களிடமே விடுங்கள்.