விழும் ரிலேயும் மறக்கருணையும்

தன் செயலை இடைமறித்து நிறுத்தும் ஒன்றைப் பகையென்று கொள்வதா, துணையென்று கொள்வதா என்பது சமயச் சிந்தனையின் பழைய கேள்விகளுள் ஒன்று. நோய், இழப்பு, தோல்வி ஆகியவற்றை முன்னிட்டுத் தமிழ் நூல்கள் இக்கேள்வியைப் பலவாறு ஆராய்ந்துள்ளன. வேளாண்மை மின்மோட்டாரை நம்பி நடக்கும் இக்காலத்தில் அதே கேள்வி வயல்நடுவே நிற்கும் மோட்டார் அறையிலும் எழுகிறது. அங்கே அது கையால் தொட்டுச் சோதிக்கத்தக்க வடிவில் எழுவதால், பழைய நூல்கள் சொன்னவற்றின் பொருத்தத்தையும் எல்லையையும் அளந்து பார்க்க அதுவே நல்ல இடமாகிறது.

மதுரைக்கு வடக்கே அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி எனப் பரந்த சமவெளி, 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரை, பேரணையில் வைகையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதான கால்வாய் வழியாகப் பெறுகிறது. கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் நெல்லும் கரும்பும் தென்னையும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி நிற்கின்றன. அக்கிணறுகளில் பரவலாக ஓடும் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார், முழுச்சுமையில் ஏறத்தாழ 7 முதல் 8 ஆம்பியர் வரை மின்னோட்டம் எடுக்கும். அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே என்னும் காப்புக் கருவி உள்ளது. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று அதனுள் இருக்கிறது. மின்னோட்டம் அளவுக்கு மேல் நீடித்தால் பட்டை சூடேறி வளைந்து, இணைப்பை விடுவித்து, மோட்டாரை நிறுத்திவிடும். இதையே ‘ரிலே விழுந்துவிட்டது’ என்றும் ‘டிரிப் ஆகிறது’ என்றும் ஊரார் சொல்கின்றனர். பொத்தானை அழுத்தினால் மோட்டார் மீண்டும் ஓடும். காரணம் நீங்காதவரை மீண்டும் விழும்.

இவ்வாறு அடுத்தடுத்து விழும் ரிலேயின்முன் மனிதர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றனர். நேரம் சரியில்லை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஒன்று. ரிலேயின் திருகைக் கூட்டி வைப்பது, பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைக் கட்டுவது என்று தடையையே தோற்கடிப்பது மற்றொன்று. முன்னது விதியின்மீதும் பின்னது கருவியின்மீதும் பழியைப் போடுவதால் இவை எதிரெதிரானவையாகத் தோன்றினாலும், ரிலே எதைச் சொல்ல வந்தது என்று இரண்டுமே கேட்பதில்லை. கருவியை அடக்கியவனுக்கு மோட்டார் சில நாள் ஓடும். பிறகு காயிலின் வார்னிஷ் கருகி, புகை வந்து, மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொண்டுபோக வேண்டிய நிலை வரும். விதியைச் சொல்லி இருந்தவனுக்குப் பயிர் காயும்.

நின்றுபோன ஒன்றிலிருந்து நின்றதற்கான காரணத்தை அறிவது எப்படி என்பதற்குத் தமிழில் விரிவான அளவை நூல் மரபு உண்டு. அளவை என்பது உண்மையை அறியும் கருவி. மதுரைக் கூலவாணிகன் என்று மரபு குறிக்கும் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 27ஆம் காதை, காணாததைக் கருதி அறியும் கருத்தளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறது. கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்று உணர்வது, காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்லும் ‘முதல்’. ஆற்று வெள்ளத்தைக் கண்டு அதன் தலைப்பக்கம் மழை பெய்தது என்று உணர்வது, காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் ‘எச்சம்’. மதுரையில் வைகை கரைபுரண்டால் வருசநாட்டு மலைப்பக்கம் மழை என்று சொல்லும் எவரும் எச்சத்தையே பயன்படுத்துகின்றனர். பழுது பார்க்கும் தொழில் முழுவதும் இவ்வகை அறிவின்மேல் நிற்கிறது.

ஆயினும் காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் பாதை வழுக்கலானது என்பதை அதே காப்பியம் உணர்ந்திருந்தது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கும் 29ஆம் காதை, மலையில் எழும் புகையைக் கொண்டு நெருப்பை உணரும் வாதத்தை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டியபின், போலி ஏதுக்கள் 14 என்று எண்ணி விளக்குகிறது. ஏது என்பது ஒரு முடிவைத் தாங்கும் அடையாளம். தாங்குவதுபோல் காட்டித் தாங்காமல் விடுவது ஏதுப்போலி. அவற்றுள் அநைகாந்திகம் என்னும் வகை, ஒரே அடையாளம் இப்பக்கமும் அப்பக்கமும் செல்லுமாறு உறுதியின்றி நிற்பது. ரிலே விழுதல் என்பது தனித்து நோக்கினால் இவ்வகை அடையாளமே. அது மோட்டார் கெட்டதற்கும், மின்சாரம் கெட்டதற்கும், தானே கெட்டதற்கும் பொதுவாக நிற்கிறது.

அந்த அடையாளத்தை உறுதியாக்குவது காலத்தைக் கவனிப்பது. ஸ்டார்ட்டரைத் தட்டிய கணத்திலேயே பியூஸோ பிரேக்கரோ போனால், காயில் சட்டத்தோடு ஒட்டியதையோ கம்பிகள் தம்முள் தொட்டுக்கொண்டதையோ முதலில் ஐயுற வேண்டும். தண்டு சுழலாமல் உறுமிவிட்டுச் சில நொடிகளில் ரிலே விழுந்தால், மணல் புகுந்து பம்பு இறுகியிருக்கலாம். சில நிமிடம் ஓடி விழுந்தால், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். மூன்று முனைகளுள் ஒன்று வராமல் போயிருக்கலாம். ஒரு முனை அற்ற மோட்டார் சுமையை விடாமல் இழுக்கும்போது, எஞ்சிய இரு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகிறது, வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் அது ஏறத்தாழ 3 மடங்காகிறது. வெயில் ஏறிய பின்னரே விழுவதாயின், பெட்டிக்குள் தளர்ந்த திருகொன்று சூடேறி, அச்சூடு ரிலேயை எட்டியிருக்கலாம். டாங் டெஸ்டர் என்னும் கவ்வி அளவியை மூன்று கம்பிகளிலும் தனித்தனியே மாட்டிப் பார்க்கும்போது, மூன்று எண்களும் ஒத்துக் குறைவாகவே இருந்தும் ரிலே விழுமாயின், அப்போதுதான் ரிலேயைக் குற்றம் சொல்ல நியாயம் பிறக்கிறது. கருவியைக் கடைசியில் ஐயுறுவது என்னும் இவ்வொழுங்கு, சிக்கனத்தை முன்னிட்டது மட்டுமன்று. எச்சரிப்பவனை முதலில் தண்டிக்கக் கூடாது என்ற அறமும் அதில் அடங்கியுள்ளது.

கடலில் செல்லும் படகின் குளிர்சாதனத்தில் இந்த அறம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அத்தகைய குளிர்சாதனங்கள் பல, அறையின் வெப்பத்தைக் காற்றில் விடாமல் கடல்நீரில் விடுகின்றன. சிறு பம்பு ஒன்று படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி, வடிகட்டி வழியாகச் செலுத்தி, வெப்பம் ஏற்றிப் பக்கவாட்டுத் துளையால் வெளியே ஊற்றும். வடிகட்டியில் பாசி அடைத்தால் நீர் மெலியும், வெப்பம் வெளியேறாமல் குளிர்விக்கும் வாயுவின் அழுத்தம் உயரும், கம்பிரசர் திணறி அதிக மின்னோட்டம் எடுக்கும், பிரேக்கர் விழும். மின்பலகையின்முன் நின்று பிரேக்கரையே பார்ப்பவனுக்கு இச்சங்கிலி தெரியாது. வெளியே ஊற்றும் நீர் தடித்து விழுகிறதா, நூலாக ஒழுகுகிறதா என்று எட்டிப் பார்ப்பவனுக்குத் தெரியும். பிரேக்கர் முதன்மையாகக் காப்பது அதன் பின்னுள்ள கம்பியை. பெரிய பிரேக்கரை மாட்டினால் கம்பி தாங்கும் எல்லையைக் கடந்து மின்சாரம் பாயும். நடுக்கடலில் தீப்பிடித்த படகை விட்டு ஓடத் தரையில்லை.

காரணத்தைத் தேடிச் செல்பவன் எங்கே நிற்பது என்பது அடுத்த கேள்வி. மணிமேகலையின் 30ஆம் காதை விளக்கும் பன்னிரு சார்பு, பேதைமையில் தொடங்கிப் பிறப்பும் வினைப்பயனும் வரை ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் தொடரைக் கூறி, முன்னது நீங்கப் பின்னது நீங்கும் என்று காட்டுகிறது. சார்ந்து தோன்றுதல் என்னும் இக்கருத்தை மின்கம்பியின் வழியே பின்தொடர்ந்தால், ரிலே விழுவதற்குக் காரணம் மின்னழுத்தக் குறைவு என்றும், அக்குறைவுக்குக் காரணம் ஒரே டிரான்ஸ்பார்மரில் தாங்கும் அளவை மீறி மோட்டார்கள் ஓடுவது என்றும் தெரியவரும். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் கன்டென்சர் என்னும் மின்தேக்கியை வைத்து இருமுனையில் மோட்டாரை ஓட்டும் வழக்கம், அதே கம்பியில் உள்ள அடுத்த தோட்டத்துக்காரரின் மின்னழுத்தத்தையும் இறக்குகிறது. ஒருவன் கிணற்றில் விழும் ரிலே, வேறொருவன் செயலையும் தன் காரணங்களுள் கொண்டிருக்கலாம். துன்பப்படுபவனே தன் துன்பத்துக்கு முழுக்காரணம் என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்வோருக்கு இந்த மின்கம்பியே மறுப்பாக நிற்கிறது.

பொறுப்பு உரிய இடத்தைச் சென்று சேர வேண்டும் என்ற சிந்தனை மதுரையின் சமய வரலாற்றிலும் உண்டு. திருஞானசம்பந்தர் மதுரையில் தங்கியிருந்த மடத்துக்கு இரவில் தீயிடப்பட்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அத்தீயை வைத்த கைகளின்மேல் திருப்பாமல், காவல் பிழைத்த ஆட்சிக்குரிய பாண்டியன்பால் சம்பந்தர் செலுத்துகிறார். அதுவும் மெல்லச் சென்று சேருமாறு செலுத்துகிறார். மெல்ல என்றதற்குச் சேக்கிழார் காட்டும் காரணங்களுள் பாண்டிமாதேவியின் மங்கலநாண் காக்கப்பட வேண்டும் என்பதும், அரசன் மீண்டு நன்னெறி அடைய இருக்கிறான் என்பதும் அடங்கும். அழிக்கும் தீ, அரசனைப் பற்றி, அவன் திருந்துவதற்கு இடம் விடும் வெப்புநோயாக அளவிடப்படுகிறது. கதையின் சமயப் பூசலை ஒதுக்கிவிட்டு நோக்கினாலும், தண்டனைக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவில்தான் இருக்கிறது என்ற நுண்மை அதில் நிலைத்து நிற்கிறது. பட்டை மெல்லச் சூடேறிக் காயில் கருகுமுன் வளைவதும் அத்தகைய அளவே.

இவ்வெண்ணத்தைச் சைவ சித்தாந்தம் கோட்பாடாகவே வகுத்தது. மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும், சில நோய்களைப் பாலும் வெல்லக்கட்டியும் கலந்து ஊட்டியும் தீர்ப்பதுபோல, இறைவனும் இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்கிறது. இனிமையாக வரும் அருளை அறக்கருணை என்றும், கடுமையாக வரும் அருளை மறக்கருணை என்றும் சித்தாந்திகள் பெயரிட்டனர். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்தும் ரிலே, ஓட வேண்டும் என்ற விருப்பத்துக்குத்தான் பகை, மோட்டாருக்குப் பகையன்று. மறக்கருணையின் உள்ளடக்கமும் இதுவே.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. துன்பமெல்லாம் அருள் என்றால், பிறர் செய்த கொடுமையையும் அருள் என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவனை வாய்மூடச் செய்யலாமே என்பது அது. சமயத்தின் பெயரால் அவ்வாறு செய்யப்பட்டதும் உண்டு; ஆகவே இந்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க இயலாது. இதற்கு விடை சித்தியாரின் மருத்துவ உவமையிலேயே இருக்கிறது. மருத்துவன் கீறுவது தீர்ப்பதற்காக. தீர்க்கும் நோக்கமின்றிக் கீறுவது வெறும் காயம். ரிலே விழுந்ததை அருள் என்று போற்றிவிட்டு டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்யாமல் விடுவது, மறக்கருணையைக் காரணம் காட்டி அறத்தைக் கைவிடுவதாகும். தவிரவும், ஒரு தடையை அருளாக உணரும் உரிமை அதைத் தாங்குபவனுக்கே உண்டு. அருகில் நிற்பவனுக்கு உள்ளது காரணத்தைத் தேடி நீக்கும் கடமை மட்டுமே. பிறன் வயலில் நின்றுபோன மோட்டாரைப் பார்த்து வினைப்பயன் என்பவன் அளவையிலும் பிழைக்கிறான், அன்பிலும் பிழைக்கிறான்.

எனவே தடையைப் பகையென்று அடக்குவதும் விதியென்று வணங்குவதும் இரண்டுமே பொருந்தாதவை. அடையாளத்தை மதித்தல், அது எப்போது தோன்றுகிறது என்று பொறுமையோடு கவனித்தல், கண்ட முதற் காரணத்தில் நின்றுவிடாமல் பின்தொடர்தல், தன் பங்கையும் பிறர் பங்கையும் நேர்மையாகப் பிரித்தறிதல், அறிந்ததைச் சரிசெய்தல் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே தடையின்முன் மனிதன் கொள்ளத்தக்க நிலை. சாத்தனாரின் அளவையும் அருணந்தியாரின் அருட்கோட்பாடும் பௌத்தம், சைவம் என வெவ்வேறு சமயங்களைச் சார்ந்தவை எனினும், ஒன்றில்லாமல் மற்றொன்று இங்கே குறைப்படுகிறது. அளவை இல்லாத அருட்பேச்சு பயிரைக் காயவிடும். அருளை உணராத அளவை, எச்சரிக்கையை இடையூறு என்று எண்ணிக் கம்பியைத் தடிக்கச் செய்யும். தடுக்கும் ஒன்றிடம் நன்றியும் தடுத்ததற்கான காரணத்திடம் கண்டிப்பும் கொள்வதே இவ்விரு மரபுகளும் சேர்ந்து கற்பிக்கும் ஒழுக்கம்.