கட்டிப் போட்ட குதிரைகள்



அல்லாஹு தஆலா மனிதனுக்குச் செய்த உபகாரங்களை எடுத்துரைக்கும் 'அந்நஹ்ல்' சூராவின் ஆரம்பத்தில் வாகனங்களையும் நினைவூட்டுகிறான். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சொல்லி, மனிதன் ஏறிச் செல்லவும் அவனுக்கு அலங்காரமாக இருக்கவும் அவற்றைப் படைத்ததாக அறிவிக்கிறான். மனிதர் அறியாதவற்றையும் படைப்பதாக அதே இடத்தில் கூறுகிறான். ரயிலும் மோட்டாரும் ஆகாய விமானமும் அந்த 'அறியாதவை'யில் சேரும் என்று நம் காலத்து உலமாக்கள் பலர் விளக்கம் தருவார்கள். அந்த ஆயத்தில் உள்ள வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். சவாரி முதலில் வருகிறது, அலங்காரம் பின்னால் வருகிறது. அலங்காரத்தை அல்லாஹ் தடுக்கவில்லை. ஆனால் சவாரியே இல்லாமல் அலங்காரம் மட்டும் மிஞ்சினால் என்ன என்பதுதான் இம்மாதம் நான் பேச வந்த விஷயம்.

மோட்டார் என்ஜினின் பலத்தை இன்றைக்கும் 'குதிரைச் சக்தி' என்றுதான் கணக்கிடுகிறார்கள். குதிரை போய் ஒரு யுகம் ஆகியும் அதன் பேர் போகவில்லை. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 2016-ம் வருடம் '911 ஆர்' என்று ஒரு காரை வெளியிட்டது. அதற்கு 500 குதிரைச் சக்தி. மணிக்கு 320 கிலோ மீட்டருக்கு மேல் ஓடக் கூடியது. கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும், தானாக மாறும் கியர் அதில் கிடையவே கிடையாது. ஏன் அப்படி? வண்டி ஓட்டுவதில் உள்ளபடியே பிரியம் உள்ளவனுக்கு, அவன் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கட்டும் என்றே அதை அப்படிச் செய்தார்கள். கூடுதல் பாரத்தையும் குறைத்தார்கள். செய்தது மொத்தம் 991 வண்டிகள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எண்ணிக்கை குறைவு என்று தெரிந்ததும், ஓட்ட ஆசைப்பட்டவர்களை முந்திக்கொண்டு, ஓட்ட விருப்பமே இல்லாத தனவந்தர்கள் பலர் வாங்கினார்கள். வாங்கிப் பூட்டி வைத்தார்கள். விலை வாங்கியதைப்போல் பல மடங்கு ஏறிற்று. மறு வருடமே அந்தக் கம்பெனி, எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாத தன் 'ஜிடி3' வண்டியிலும் கைக் கியரைக் கொண்டு வந்தது; பூட்டி வைத்தவர்களின் விலை இறங்கியது. ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் ஓடாமல் நின்று விலை ஏறுவதும், இன்னொன்று ஓட வந்ததும் விலை இறங்குவதும் இந்த துன்யாவின் வியாபார விசித்திரங்களில் ஒன்று.

அப்படி ஒரு கொட்டிலை நானே பார்த்திருக்கிறேன். 2018-ம் வருட ரமளானில் துபாய் தேராவில் பயான் செய்ய அழைக்கப்பட்டுப் போயிருந்தேன். நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இஃப்தாருக்கு அழைத்தார். நல்ல மனிதர். வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்திருந்தான். எத்தனையோ ஏழைக் குமரிகளின் கல்யாணத்தை முடித்து வைத்தவர், அதை வெளியே சொல்லாதவர். எல்லோரும் அவரைக் 'காக்கா' என்றுதான் அழைப்பார்கள். அவர் பிரயாணம் செய்வதெல்லாம் ஒரு பெரிய லேண்ட் குரூசரின் பின் ஸீட்டில். ஓட்டுபவர் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி. ஆனால் வீட்டின் கீழ்த்தளத்தில் வேறு மூன்று கார்கள் துணி போர்த்தி நின்றன. ஒன்று, எண்ணிக்கை வைத்துச் செய்த போர்ஷே.

பேரீச்சம்பழம் கையில் இருக்கும்போதே காக்கா கேட்டார்: "ஹஜ்ரத், காருக்கு ஜகாத் உண்டா?"

நானும் தாமதிக்காமல், "சொந்த உபயோகத்துக்குள்ள வாகனத்துக்கு ஜகாத் இல்லை, காக்கா" என்றேன். மஸ்அலா சரியானதுதான். அவர் முகம் மலர்ந்தது. கேள்வி கேட்டவரின் முகம் அத்தனை சீக்கிரம் மலர்ந்தால் பதில் சொன்னவன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எங்கள் மதரஸாவில் ஓர் உஸ்தாது சொல்வார்கள். அன்று அது எனக்கு நினைவு வரவில்லை.

தராவீஹ் முடிந்த பிறகு அந்த டிரைவர் தம்பி என்னைக் கீழே கூட்டிப் போய்க் காட்டினார். துணியை விலக்கியபோது அவர் கை ஒரு குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல் இருந்தது. வண்டியிலிருந்து ஒரு வயர் சுவருக்குப் போயிற்று. "பாட்டரி இறங்காமல் இருக்க, ஹஜ்ரத்" என்றார். டயர் ஒரே இடத்தில் நின்றால் தட்டையாகிவிடுமாம். ஓடாத டயருக்கும் வயது ஏறி ரப்பர் இறுகிவிடுமாம். பெட்ரோல் பழசாகுமாம், பிரேக் தட்டில் துரு படியுமாம். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விட்டு அணைத்துவிடச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அது இதுக்கு நல்லதில்லை, ஹஜ்ரத். என்ஜின் எண்ணெய் நன்றாகச் சுடேற வேண்டுமானால் ரோட்டில் ஓட வேண்டும். இந்த மாதிரி வண்டிகளை ஜில்லென்று இருக்கும்போதே உறுமவும் விடக்கூடாது, எண்ணெய் சூடாகும் வரை பொறுத்துப் போக வேண்டும்" என்றார். பத்தொன்பது வருடம் ஓட்டுபவர். அந்த வண்டியின் தேவையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் சாவிதான் அவரிடம் இல்லை.

"ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

"கிலோ மீட்டர் ஏறக்கூடாது, ஹஜ்ரத். ஏறினால் விற்கும்போது விலை குறைந்துவிடும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் 212 கிலோ மீட்டர் ஓடியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இஃப்தாரில் நான் சொன்ன பதில் என் நெஞ்சில் கனத்தது. காரைப் பற்றிக் கேட்டவரிடம் காருக்கு மஸ்அலா சொன்னேன். வாங்கும்போது என்ன நிய்யத் என்று நான் கேட்கவே இல்லை.

சகோதரர்களே! விற்று லாபம் அடையும் நிய்யத்தில் விலை கொடுத்து வாங்கியது எதுவானாலும் அது வியாபாரச் சரக்கு. அரிசி மூட்டையானாலும் சரி, பளபளக்கும் காரானாலும் சரி. வருடம் பூர்த்தியாகும் தினத்தில் சந்தை விலை என்னவோ அதை மதிப்பிட்டு, நிஸாபை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 2½ ஜகாத் கொடுப்பது கடமை. அன்றைய விலைதான் கணக்கு, வாங்கிய விலை அல்ல. விற்கும் வரை காத்திருக்கலாம் என்பதும் ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை.

நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. அணிவதற்குள்ள அளவான நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை, ஆனால் சேமிப்பாகப் பெட்டியில் பூட்டி வைக்கும் நிய்யத்தில் உள்ள நகைக்கு உண்டு என்பதை அவர்கள் ஓதிக் கேட்டிருக்கிறார்கள். (ஹனஃபி மத்ஹபில் இரண்டுக்கும் உண்டு.) காருக்கும் நகைக்கும் சட்டம் ஒன்றல்ல என்றாலும், இரண்டிலும் கேள்வி நிய்யத்தில்தான் போய் நிற்கிறது.

நிய்யத் மாறினால்? இதற்கு ஃபிக்ஹு கிதாபுகளில் பிரயாணியை உதாரணம் காட்டுவார்கள். பிரயாணத்தில் இருப்பவன் ஓர் ஊரில் தங்க நிய்யத் வைத்த மாத்திரத்தில் ஊர்க்காரன் ஆகிவிடுகிறான். ஆனால் ஊரில் இருப்பவன் நிய்யத்தால் மட்டும் பிரயாணி ஆவதில்லை, அவன் புறப்பட வேண்டும். அதுபோல வியாபாரச் சரக்கைச் சொந்த உபயோகத்துக்கு என்று மாற்ற நிய்யத் போதும். உபயோகத்துக்கு வாங்கியதைச் சரக்காக்க வெறும் நிய்யத் போதாது. ஆகவே ஓட்டுவதற்கென்று வாங்கி, பின்னால் 'விலை வந்தால் கொடுக்கலாமே' என்று நினைத்தவர் பயப்பட வேண்டியதில்லை. வாங்கும் நாளிலேயே விற்பதை நினைத்தவர் தப்ப முடியாது.

அன்று இரவே காக்காவிடம் போனேன். "இஃப்தாரில் நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஒன்று கேட்காமல் விட்டேன். வாங்கும்போது மனதில் என்ன நினைத்தீர்கள், காக்கா?" என்றேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஓட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை, ஹஜ்ரத். எனக்கு அதில் பிரியம் இல்லை. கிளட்ச் மிதிக்கவே பழக்கம் விட்டுப் போயிற்று" என்றார். சற்றுப் பொறுத்து, "சரக்கு என்று சொன்னால் ஜகாத் வருகிறது. சரக்கு இல்லை என்றால் ஒன்றும் இல்லையல்லவா?" என்றார்.

வியாபாரியின் கேள்வி! அதற்கு எனக்குத் தெரிந்த பதில், அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வந்துள்ள ஹதீஸ்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரை வைத்திருப்போரை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. அல்லாஹ்வின் பாதையில் அதைக் கட்டி வைத்தவர் அவர். கயிறு எட்டும் தூரம் அது மேய்ந்த புல்லும், கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடிய குளம்படிகளும், அவர் நினைக்காமலே அது ஆற்றில் குடித்த தண்ணீரும்கூட அவர் ஏட்டில் நன்மையாக எழுதப்படுகின்றன. இன்னொருவருக்கு அது மறைப்பு. பிறரிடம் கையேந்தாமல் பிழைப்பதற்காக வைத்திருந்து, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் உரிமையை மறவாதவர். மூன்றாமவருக்கு அது பாரம். பெருமைக்கும் பிறர் காண்பதற்கும் முஸ்லிம்களைப் பகைப்பதற்கும் வைத்திருப்பவர்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, முதலாமவரின் குதிரை ஓடியதை. அதன் நடையும் ஓட்டமும் தாகமும் எண்ணப்படுகின்றன. 'வல்ஆதியாத்' சூராவில் அல்லாஹ் சத்தியம் செய்வதும் மூச்சிரைக்க ஓடிக் குளம்பில் பொறி பறக்கும் குதிரைகளின் மீதே. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளைப் பழக்கி ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். பழக்கியவற்றுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம், பழக்காதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரை குறைந்த தூரம் என்று இப்னு உமர் (ரலி) சொல்கிறார்கள். அவர்களே அதில் சவாரி செய்தவர்கள். மிருகத்தின் சக்திக்கு ஏற்ற தூரம் வைத்ததில் எவ்வளவு நுட்பம் பாருங்கள்.

மதீனாவில் ஓர் இரவு ஏதோ சப்தம் கேட்டு மக்கள் நடுங்கிய சம்பவம் உங்களுக்குத் தெரியும். மக்கள் புறப்பட்டுப் போகையில், நாயகம் (ஸல்) அவர்கள் முன்னதாகவே போய் விசாரித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஏறிப்போனது அபூ தல்ஹா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கிய, மந்தமானது என்று பேர் எடுத்த குதிரை. சேணம்கூட இல்லை. திரும்பி வந்து அஞ்ச வேண்டாம் என்று சொன்னதோடு, அந்தக் குதிரையைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். இரவல் குதிரை, மந்தமான குதிரை, ஒரு தேவைக்கு ஓடியதும் கடலாயிற்று. நம்மிடமோ 500 குதிரைகள் ஒரு துணிக்கடியில் நிற்கின்றன.

இதை வாசிக்கும் வாலிபர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை முறுக்குவதற்கு நான் ஆதாரம் தருகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டுவதை நேசிப்பது வேறு, தெருவில் நடப்பவனின் உயிரோடு விளையாடுவது வேறு. அந்த டிரைவர் தம்பி பத்தொன்பது வருடத்தில் ஒருவரையும் உராய்ந்ததில்லை. ஓட்டுவதை நேசிப்பது என்றால் எனக்கு அவர் முகம்தான் நினைவு வருகிறது.

காக்காவிடம் ஹதீஸைச் சொல்லிவிட்டு, "சரக்கு என்றால் ஜகாத் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சரக்கும் இல்லை, சவாரியும் இல்லை என்றால் அது எதற்காகக் கட்டியிருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு நான் ஃபத்வா தர முடியாது. மற்றவர் நிய்யத்தைத் தோண்டுவது என் வேலையும் அல்ல" என்றேன். ஜகாத்திலிருந்து தப்ப அவர் தேடிய வாசல் மூன்றாவது குதிரையின் கொட்டிலில் போய்த் திறந்தது.

நம்பர் பிளேட்டைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. 2008-ல் அபுதாபியில் '1' என்ற எண் 5 கோடியே 22 லட்சம் திர்ஹத்துக்கு ஏலம் போனதை அவர் சொன்னார். 2023 ரமளானில் துபாயில் 'பி 7' என்ற எண் 5 கோடியே 50 லட்சம் திர்ஹத்துக்குப் போனபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அந்தப் பணம் பசித்தவருக்கு உணவளிக்கும் திட்டத்துக்குச் சேர்ந்ததால் அதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். கொடுத்தவரின் உள்ளம் அல்லாஹ்வுக்குத் தெரியும்.

குதிரையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நாயகம் (ஸல்) அவர்களிடம் கழுதையைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கென்று தனியாக எதுவும் இறங்கவில்லை என்று கூறி, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கண்ணால் காணப்படும் என்ற பொதுவான ஆயத்தையே காட்டினார்கள். மோட்டார் காரைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு என்ன பதில் வந்திருக்கும்?

காக்கா இரண்டு வருடத்து ஜகாத்தையும் அந்த ரமளானிலேயே கணக்கிட்டுக் கொடுத்தார். வாங்கியது விற்பதற்குத்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சிரமம் என்பதை நான் பார்த்தேன். மறு வருடம் டிரைவர் தம்பி லீவில் ஊருக்கு வந்தபோது ஜும்ஆவுக்குப் பின் என்னைத் தேடி வந்தார். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னும் அங்கேதான் நிற்கிறது, ஹஜ்ரத். இந்தத் தடவை வருஷம் முடிகிற அன்றைக்கு, மார்க்கெட்டில் விலை கேட்டுட்டு வா என்று முதலாளியே என்னை அனுப்பினார்."

"கிலோ மீட்டர்?"

"இருநூற்று நாற்பது" என்றார் தம்பி. அந்த இருபத்தெட்டை யார் ஓட்டியது என்று நான் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.