உள்ளூர்க் கச்சேரிக்கு ரசிகர் பட்ட கடன்

தொலைதூர நாட்டில் பிறந்த இசையொன்றை உயிராகப் போற்றுகிற ஒருவர், அதே இசையைத் தம் ஊரிலோ அடுத்த ஊரிலோ வாசிப்பவரைக் கேட்க ஒருமுறைகூடப் போகாமல் இருந்தால், அதில் அறக்குறை ஏதும் உண்டா? ரசனை அவரவர் விருப்பம், யாரைக் கேட்பது என்பதில் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்று சட்டென விடை சொல்லிவிடலாம். பெரும்பாலோர் சொல்வதும் அதுவே. ஆயினும் அந்த விடை, ரசிகர் என்பவர் கடையில் சரக்கு வாங்கிப் போகிறவர் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது; அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்க்காமல் விடையை ஏற்பதற்கில்லை.

ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவான இசை. ஒரு பாட்டின் மெட்டையும் அதைத் தாங்கும் சுர அடுக்குகளையும் மட்டும் துணையாகக் கொண்டு, வாசிப்பவர் தமக்கு அந்த நேரத்தில் தோன்றுவதை வாசித்துச் செல்வது அதன் உயிர்நாடி. கர்நாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதற்கு அது நெருங்கிய உறவு. அப்படி அந்தந்தக் கணத்தில் பிறந்து மறைய வேண்டிய இசை, உலகெங்கும் பெரும்பாலான ரசிகருக்கு இசைத்தட்டாகவே வாய்க்கிறது. அந்த ரசிகர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றி வரும்: தட்டுகள், அவரவர் ஊரில் யார் என்ன வாசிக்கிறார் என்பது, பிறகு எப்படியோ காற்பந்து. முதற்பொருளில் அவர்களின் நுணுக்கம் வியக்கத்தக்கது. புளூ நோட் நிறுவனம் 1966 வரை வெளியிட்ட தட்டுகளில், பாட்டு முடிந்தபின் நடுவிலுள்ள காகித முத்திரைக்கு முன் எஞ்சும் வெற்று வளையத்தில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரெழுத்துகளோடு, தட்டை அழுத்திய பிளாஸ்டிலைட் ஆலையின் குறியும் இருக்கும்; 'பி' என்னும் ஆங்கில எழுத்தான அக்குறி காது போலத் தெரிவதால் சேகரிப்பாளர் அதைக் 'காது' என்றே சொல்வர், காதுள்ள தட்டுக்கு விலையும் பல மடங்கு கொடுப்பர். இரண்டாம் பொருளில்தான் பேச்சு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது.

இதைத் தஞ்சோங் மாலிம் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்க்கும்போது சிக்கல் கூர்மையாகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்கோடியில் பெர்னாம் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. பாலத்தைக் கடந்தால் அக்கரை செலாங்கூர். சொந்த மாநிலத்தின் தலைநகரான ஈப்போவைக் காட்டிலும் கோலாலம்பூரே பக்கம், கொமுட்டர் ரயிலும் அந்தத் திசைக்கே ஓடுகிறது. மலாய் ஆசிரியர்களை உருவாக்க 1922-இல் அங்கே தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997-இல் பல்கலைக்கழகமாகி, இன்று இசைக்கும் நிகழ்த்துகலைகளுக்கும் தனிப் புலமொன்றைக் கொண்டிருக்கிறது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில், பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தோட்டங்கள் கைமாறியும் செம்பனைக்கு மாறியும் போனபின் ஊர்ப்பக்கம் குடிபெயர்ந்தன. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்பவருக்கு 'உள்ளூர்' எது என்பதே ஒரு கேள்வி. வரைபடம் ஈப்போவைக் காட்டுகிறது, ரயில் கோலாலம்பூரைக் காட்டுகிறது, பூர்வீகம் ஏதோ ஒரு தோட்டத்தைக் காட்டுகிறது. அறக்கடன் என்று ஒன்று இருக்குமானால் அது எல்லைக்கல்லைப் பார்த்துப் பிறப்பதன்று; ஒருவர் போய்ச் சேரக்கூடிய தொலைவுக்குள் எது நடக்கிறதோ அதுவே அவருக்கு உள்ளூர் எனக் கொள்வது பொருந்தும்.

அந்தத் தொலைவுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் மலேசியாவில் வழியில்லை. 1922-இல் பினாங்கில் பிறந்த ஜிம்மி பாயில் தேசபக்திப் பாடல்களும் இயற்றிய ஜாஸ் பியானோக் கலைஞர். பிலிப்பைன்ஸ் மரபில் வந்த அல்போன்சோ சோலியானோ 1961-இல் மலாயா வானொலியின் இசைக்குழுவை உருவாக்கி அதன் முதல் நடத்துநரானவர். இரவு விடுதி மேடையில் கற்ற ஜாஸ் கூறுகளை நாட்டின் வீட்டு வானொலிகளுக்குக் கொண்டுசென்ற தலைமுறையைச் சேர்ந்தவர். பியானோவில் மைக்கேல் வீரப்பனும், 1979-இல் ஏசியாபீட் குழுவைத் தொடங்கி ஆசியத் தாளக்கருவிகளை ஜாஸோடு இணைத்த டிரம் கலைஞர் லூயிஸ் பிரகாசமும் அடுத்த தலைமுறையினர். கோலாலம்பூரில் 1998 முதல் 'நோ பிளாக் டை' என்னும் விடுதி இருக்கிறது. பினாங்கில் 2004 முதல் பல ஆண்டுகள் ஜாஸ் விழா நடந்தது. நியூயார்க்கின் 1950-களைத் தெருவாரியாகச் சொல்லக்கூடிய ஒரு ரசிகருக்கு இப்பெயர்களில் பாதி புதிதாக இருந்தால், அதை வெறும் ரசனை வேறுபாடு என்று சொல்வது கடினம். கேட்டபின் ஒதுக்குவதே ரசனை. கேட்காமலே ஒதுக்குவதற்கு வேறு பெயர் வேண்டும்.

எதிர்வாதத்தின் வலுவையும் குறைத்து மதிப்பிடலாகாது. பிடிக்காத இசையைக் கடமைக்காகக் கேட்பவர் யாருக்கும் நன்மை செய்வதில்லை. உள்ளூர்க்காரர் என்பதற்காகச் சுமாரான வாசிப்பைப் புகழ்ந்தால், அந்தப் புகழ் வாசிப்பவரின் வளர்ச்சியையே கெடுக்கும். இரக்கப்பட்டு வாங்கும் நுழைவுச்சீட்டு கலைஞரை இரவலராக்குகிறது. இந்தச் சங்கடம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, புலவர் பெருஞ்சித்திரனார் அதை ஏற்க மறுத்ததைப் புறநானூறு சொல்கிறது. காணாமல் தரும் பொருளுக்குப் பாடுபவர் வணிகர் ஆகிவிடுவார் என்பதும், தகுதியை அறிந்து தருவது தினையளவே ஆனாலும் இனிது என்பதும் அவர் நிலை. புரவலர் பாணர் உறவை அறவுறவாக எண்ணிய ஒரு காலத்தில்கூட, கலைஞருக்குச் சேர வேண்டிய முதற்கடன் பொருள் அன்று, நேரில் கண்டு கேட்டு எடைபோடும் கவனம்தான் என்று ஒரு புலவர் வாதாடியிருக்கிறார். இன்றைய ரசிகரின் கடனுக்கும் இதைவிட நல்ல அளவுகோல் அகப்படுவது அரிது. அவர் உள்ளூர்க் கலைஞரை விரும்ப வேண்டியதில்லை, புகழவும் வேண்டியதில்லை; ஆனால் தட்டுக்குத் தருகிற அதே கவனத்தைத் தந்து, அதே கண்டிப்போடு எடைபோட வேண்டும். இரக்கப் புகழும் முழுப் புறக்கணிப்பும் எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டிலும் கேட்டல் என்பது நடக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கவனத்தைக் கடன் என்று ஏன் சொல்ல வேண்டும், கருணை என்றோ பெருந்தன்மை என்றோ சொன்னால் போதாதா? இதற்கு விடை ரசிகர் போற்றும் தட்டுகளிலேயே இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு என்னும் நிலவறை விடுதியில் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ், ஸ்காட் லஃபாரோ, பால் மோட்டியன் ஆகிய மூவரும் பிற்பகலிலும் இரவிலும் வாசித்ததை ரிவர்சைடு நிறுவனம் பதிவு செய்தது. பதினொரு நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அந்த ஒரே நாளின் பதிவிலிருந்து வந்த இரண்டு தட்டுகள் ஜாஸ் வரலாற்றின் சிகரங்களில் வைக்கப்படுகின்றன. அவற்றைக் கூர்ந்து கேட்டால் பியானோவின் மெல்லிய இடங்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவதும், யாரோ பேசிக்கொண்டிருப்பதும், சிரிப்பதும் காதில் விழும். பெயர் தெரியாத அந்த மனிதர்கள் ஒரு ஞாயிறு மாலையில் தங்கள் ஊர் விடுதிக்கு வந்தவர்கள். சிலர் வாசிப்பைக் கவனிக்கக்கூட இல்லை என்பது தெளிவு. இருந்தும் அவர்களைப் போன்றவர்கள் வாரந்தோறும் வந்து மேசைக்குப் பணம் கொடுத்ததாலேயே அந்த விடுதி நிலைத்தது, அந்த மூவரும் இரவுதோறும் வாசித்து வாசித்து அந்த நிலைக்கு வந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் தஞ்சோங் மாலிமில் ஒருவர் தம் அறையில் கேட்டு மெய்ம்மறக்கும் தட்டு, வேறோர் ஊரின் உள்ளூர் ரசிகர்கள் தங்கள் பங்கைச் செலுத்தியதன் விளைவு. எல்லா ஊர் ரசிகரும் தட்டோடு நின்றிருந்தால் அந்தத் தட்டே பிறந்திராது. பிறர் சுமந்த செலவின் பயனை நுகர்கிறவர், தம் முறை வரும்போது விலகிக்கொள்வது நேர்மையா என்பதுதான் கேள்வி. வள்ளுவர் ஒப்புரவு என்று தனி அதிகாரம் வகுத்த பண்பு, கைம்மாறு எதிர்பாராமல் ஊரோடு ஒத்துச் செய்யும் உதவி. இங்கே வேண்டப்படுவது அதற்கும் ஒரு படி கீழே, முன்பே பெற்றுக்கொண்டதற்கு ஈடாகச் சிறிது திருப்பித் தருவது மட்டும்.

காற்பந்து இந்த இடத்தில் உதவுகிறது, குழப்பவும் செய்கிறது. இன்று மலேசியாவெங்கும் மாமாக் கடைகளின், அதாவது இந்திய முஸ்லிம் உணவகங்களின், திரைகளில் பார்க்கப்படும் மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில் பணிமனைத் தொழிலாளர் சேர்ந்து தொடங்கிய அணி. ஆர்சனல் 1886-இல் ஆயுத ஆலைத் தொழிலாளர் தொடங்கியது. தோட்டத் திடலில் மாலை வேளைகளில் பந்து உதைத்த பால்மரத் தொழிலாளர் அணிகளுக்கும் அவற்றுக்கும் தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் காற்பந்து ரசிகரின் அறம் இசை ரசிகரின் அறத்துக்கு நேர்மாறானது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை விட்டு ஓடுபவரை அவர்கள் மதிப்பதில்லை. பத்தாண்டு கோப்பையில்லாமல் இருந்தாலும் அணி அணியே. இசையில் அப்படி ஒருவர் சுமாரான குழுவைப் பத்தாண்டு தாங்கினால் அவருக்குச் செவியறிவு போதாது என்பார்கள். ஒரே மனிதர் சனிக்கிழமை மாலை விசுவாசத்தையும் இரவு தரத்தையும் அளவுகோலாகக் கொள்கிறார், முரண்பாடு உறுத்துவதில்லை. ஒருவேளை இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டியிருக்கலாம்: இளம் இசைஞர் வளரும்வரை காத்திருக்கும் பொறுமை காற்பந்திடம் உண்டு, தன் அணியின் குறையை நேர்படச் சொல்லும் கண்டிப்பு இசையிடம் உண்டு.

ரசிகர் வராமையே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று சொல்வது மட்டும் தவறு. பேராக் அணி 2018-இல் திரங்கானுவைப் பெனால்டியில் வென்று மலேசியக் கோப்பையைத் தூக்கியது. பணநெருக்கடியால் 2025-26 பருவத்தின் சூப்பர் லீக்கிலேயே அது இடம்பெறவில்லை. சம்பளமும் நிர்வாகமும் முதலீடும் சேர்ந்து உண்டாக்கிய சரிவை, திரையில் இங்கிலாந்து ஆட்டம் பார்த்தவர் தலையில் கட்டுவது அநியாயம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கிப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிய குழு, 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமலே முதல்நிலை லீக்கில் ஆடிவிட்டு விலகிக்கொண்டது. அதைப் பார்க்கப் போனவர் போதுமா என்ற கேள்வி ரசிகருக்கு உரியது. ஆனால் அது பல கேள்விகளுள் ஒன்றுதான்.

உள்ளூர்ப் பற்று இன்னொரு பக்கமும் வழுக்கக்கூடும். 'நம்ம ஆள்' என்ற சொல் மலேசியத் தமிழரிடையே அன்போடு புழங்குவது. ஆனால் ஊர் என்பது இனமாகச் சுருங்கிவிட்டால் கடன் திசைமாறிப் போகும். பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் சேர்ந்து வளர்த்த அலிகேட்ஸ் குழு மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. 'ஸ்பைடர்மேன்' என்று புகழ்பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம் காத்தது செலாங்கூரின் வலையை, பிறகு நாட்டின் வலையை. 1980-இல் தென்கொரியாவை வென்று மலேசியா ஒலிம்பிக் தகுதி பெற்றபோது ஆர்ப்பரித்தவர்கள் அவர் பெயரை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. தஞ்சோங் மாலிமின் பல்கலைக்கழக மேடையில் ஒரு மலாய் மாணவி சாக்ஸபோன் வாசித்தால், அவ்வூர்த் தமிழ் ரசிகருக்கு அவரும் உள்ளூர்க் கலைஞரே. புகழ்பெற்ற பிறகு 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடுவதில் எந்தச் செலவும் இல்லை என்பதால் அது கணக்கில் வராது. நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் கோலாலம்பூர்க் காலப் படங்கள் எடுபடாமல் போயின, 1973-இல் 44 வயதில் அவர் இறந்தார். அவர் பெயரில் சாலையும் பட்டமும் வந்தன அதன்பின். காலங்கடந்து தரப்பட்ட மரியாதையை இந்நாடு அவர் வழியாகத்தான் அதிகம் பேசுகிறது.

கடனின் அளவைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. ஒருவர் வராததால் எந்தக் கச்சேரியும் நின்றதில்லை என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்லலாம். எல்லோரும் சொன்னால் கச்சேரி நின்றுவிடும். ஓல்டு டிராஃபோர்டின் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளில் ஒருவர் குறைந்தால் அணிக்குத் தெரியாது. பன்னிரண்டு பேர் அமர்ந்த அறையில் ஒருவர் எழுந்து போனால் மேடையில் இருப்பவருக்கு முகம் தெரியும். ஆகவே கூட்டம் சிறிதாகச் சிறிதாகத் தனி ஒருவரின் பங்கு கனக்கிறது; ரசிகரின் வழக்கமோ இதற்கு எதிர்த்திசையில், தாம் தேவைப்படாத இடத்துக்கே ஆர்வத்தைக் கொண்டு போகிறது. முடியாமைக்கும் இடம் உண்டு: இரவுக் கச்சேரி முடிந்தபின் கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு ரயிலை நம்ப முடியாது, மறுநாள் காலை ஆலையில் பணிநேரம் தொடங்கும், முதியவருக்குப் பயணம் ஒவ்வாது. அத்தகையவரிடம் மாதந்தோறும் வருகை கேட்பது அறமாகாது. ஆனால் பழைய தட்டுச் சந்தையில் எவ்வளவு விலை கொடுத்தாலும், 'காது' உள்ள தட்டே ஆனாலும், வாசித்தவர் கைக்கு அதில் ஒரு சென்னும் போவதில்லை. மலேசிய இசைஞர் தாமே வெளியிட்டு விற்கும் ஒரு தட்டை அவரிடமே வாங்கினால் பணமும் போகும், யாரோ கேட்டிருக்கிறார் என்ற செய்தியும் போகும். வீட்டை விட்டு நகர முடியாதவருக்கும் அவ்வளவு செய்வது இயலும். கேட்டபின் பிடிக்கவில்லை என்றால் அதையும் அவர் எழுதித் தெரிவிக்கலாம்.