சொல்லாமல் விட்ட பசி

"எனக்கு அப்பவே பசி அடங்கிடுச்சு" என்று அம்மா சொல்வாள். பாத்திரத்தில் சோறு இல்லாத நாட்களில்தான் அப்படிச் சொல்வாள் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு பெண் தானே மறைக்கும் பசியைக் கேட்டறியும் கடமை யாருடையது?

இங்கிலாந்தின் யார்க் நகரில் சாக்லேட் ஆலை முதலாளியின் மகன் சீபோம் ரவுண்ட்ரீ, குவேக்கர். உழைப்பாளர் வீடுகளில் கணக்கெடுத்து 1901இல் வறுமை பற்றிய நூலை வெளியிட்டார். நகர மக்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் வறுமையில் இருந்தனர். சோம்பேறித்தனமும் குடியுமே வறுமைக்குக் காரணம் என்று நம்பிய காலம் அது. உழைத்தும் கூலி போதாத குடும்பங்களை அவர் எண்ணிக் காட்டினார். அந்த நூலில் ஒரு பெண் வருகிறாள். பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்தால் அவளும் பிள்ளைகளும் மதிய உணவைத் துறப்பார்கள். கணவன் வேலைக்குத் தன் சாப்பாட்டைக் கொண்டுபோவான். அவனிடம் அவள் சொல்வதே இல்லை.

குவேக்கர் வழிபாட்டில் மௌனமாகக் காத்திருப்பார்கள். உள்ளம் உந்தினால் ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். எல்லோருக்குள்ளும் இறையொளி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் எலிசபெத் ஃபிரை லண்டனின் நியூகேட் சிறைக்குள் போனார். 1817இல் அங்கே பெண் கைதிகளுக்கான விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, கை உயர்த்தி ஒப்புதல் தரச் சொன்னார். குற்றவாளியிடம் சம்மதம் கேட்பது அன்று பெரிய காரியம். ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தன் பிள்ளைக்குச் சிறைக்குள்ளேயே பள்ளி அமைத்துத் தந்தவர் கேட்கும்போது, எந்தத் தாய் கையை உயர்த்தாமல் இருப்பாள்? உதவி பெறுபவரின் சுயநிர்ணயத்தை மதிக்க வேண்டும் என்கிறது இன்றைய சமூகப்பணி அறம். கொடுப்பவர் எதிரே நிற்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல முடியாவிட்டால், அந்த மதிப்புக்கு என்ன பொருள்?

கருணை மட்டும் போதாது, சட்டம் வேண்டும் என்பதும் இதனால்தான். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டமும் 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டமும் வந்தன. 1942இன் பெவரிட்ஜ் அறிக்கைக்காகக் குறைந்தபட்சத் தேவையைக் கணக்கிட ரவுண்ட்ரீயும் ஆலோசனை சொன்னார். ஆனால் அந்தத் திட்டத்தில் மணமான பெண் பெரும்பாலும் கணவனைச் சார்ந்தவள். குடும்பத்தை ஒரே அலகாக எண்ணிய அரசுக்கு, அதற்குள் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது தெரியவில்லை. 1945இல் குடும்ப உதவித்தொகை மசோதா வந்தபோதும் பணம் தந்தைக்கே என்றிருந்தது. எலினார் ராத்போன் போராடியதால் அது தாயின் கைக்குப் போனது.

யார்க் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று யாரோ ஒருவர் அவள் சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கணவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தது அப்படித்தான். அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவள் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.