உரலுக்குள் யார் தலை

2010 அக்டோபர் 19 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பிரதமர் டேவிட் காமரூன் ஒரு நிலைமையை விவரித்தார். முந்தைய அரசு இரண்டு விமானம் தாங்கிக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இரண்டாவதை ரத்து செய்தால், அதைக் கட்டி முடிப்பதைவிட அதிகச் செலவாகும். ஆகவே கட்டித்தான் தீர வேண்டும். கட்டிய பிறகு இரண்டில் ஒன்றை உபயோகிக்காமல் நிறுத்தி வைக்கலாம், அல்லது விற்றுவிடலாம். கையிலிருந்த ஆர்க் ராயல் கப்பலுக்கும் அதிலிருந்து பறந்துகொண்டிருந்த ஹாரியர் விமானங்களுக்கும் அன்றைக்கே முடிவு சொல்லப்பட்டது. தன்னிடம் இருந்ததைப் பணம் இல்லையென்று கைவிட்ட ஒரு நாடு, தனக்கு வேண்டுமா என்று தானே சந்தேகித்த ஒன்றை, கட்டினால்தான் பணம் மிச்சம் என்று கட்டியது.

இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். அரசுகளின் அசட்டுத்தனத்துக்கு ஒரு உதாரணமாக வைத்துக்கொண்டு மேலே போய்விடலாம். ஆனால் இதற்குள் ஒரு தார்மிகப் பிரச்னை இருக்கிறது. செய்கிறவனே வேண்டாம் என்று நினைக்கும் ஒரு காரியம், யாரும் கட்டாயப்படுத்தாமலேயே, சட்டப்படி, ஒழுங்காக, கணக்குத் தவறாமல் நடந்து முடிகிறது. அப்படியானால் அதைச் செய்தவன் யார்? செயலுக்கும் கர்த்தாவுக்கும் உள்ள சம்பந்தம் எந்த இடத்தில் அறுந்தது?

அறுந்த இடத்தைத் தேடிப் போனால் வில்லன் யாரும் அகப்படவில்லை. 2007-ல் இந்த இரண்டு கப்பல்களுக்கும் அனுமதி கிடைத்தபோது மதிப்பீடு சுமார் 365 கோடி பவுண்டு. 2008 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பரில், அடுத்த சில ஆண்டுகளின் வரவு செலவுப் பளுவைக் குறைப்பதற்காக, வேலையை ஓரிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டதனால் மட்டும் கூடிய செலவு சுமார் 156 கோடி பவுண்டு. 2010-ல் வந்த புதிய அரசு, கப்பலிலிருந்து விமானத்தை உந்தி எறியும் சாதனம் வைக்கலாம், அதற்கேற்ற வேறு ரக விமானத்தை வாங்கலாம் என்று திட்டத்தை மாற்றியது. இப்படி மாற்றுவதற்கு இடம் வைத்துத்தான் கப்பல் வடிவமைக்கப்பட்டிருப்பதாக நம்பப்பட்டது. ஒரு கப்பலை மாற்றவே 200 கோடி பவுண்டு ஆகும் என்று தெரிந்ததும் 2012 மே மாதம் பழைய திட்டத்துக்கே திரும்பினார்கள். போய்வந்த செலவு சுமார் 7.4 கோடி பவுண்டு. முடிவில் இரண்டு கப்பல்களின் விலை 620 கோடி பவுண்டு என்றாயிற்று. 2014-ல், கட்டியாயிற்று, இரண்டையும் வைத்துக்கொள்வோம் என்று அறிவித்தவரும் அதே காமரூன்தான்.

ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் படியில் நிற்பவனுக்கு அந்த நியாயம் போதுமானதாகவும் இருக்கிறது. எல்லாப் படிகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் மொத்த உருவத்துக்கு மட்டும் நியாயம் சொல்ல ஆள் இல்லை.

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். செலவழித்த பணம் போனது போனதுதான். மேலே என்ன செய்வது என்று யோசிக்கும்போது அதைக் கணக்கில் சேர்ப்பது மனித மனத்தின் பலவீனம் என்பார்கள். பாதி வரை படித்த மோசமான நாவலை, பாதி படித்துவிட்டோமே என்பதற்காக முடிக்கிறவனின் பலவீனம் அது. ஆனால் காமரூன் அகப்பட்டுக்கொண்ட இடம் அது இல்லை. அவர் பேசியது போன பணத்தைப் பற்றியல்ல, இனிப் போகவிருக்கும் பணத்தைப் பற்றி. நிறுத்தினால் அதிகம், தொடர்ந்தால் குறைவு என்று ஒப்பந்தமே அமைந்திருந்தது. பலவீனமான மனம் வேண்டியதில்லை. மிகத் தெளிவான மனமும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கும். பயங்கரம் என்று நான் கருதுவது இந்தத் தெளிவைத்தான். மனிதனுடைய தவறு திருத்தக்கூடியது. சரியாக யோசித்தாலும் தவறான இடத்துக்கே கொண்டுபோய் விடும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்ட பாதையில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

வாக்குக் கொடுப்பதும் இப்படித்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். இன்றைய நான் நாளைய என்னைக் கட்டிவைப்பதுதான் சத்தியம் என்பது. யுலிஸஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டிவைக்கச் சொன்னான், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினாலும் அவிழ்க்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தான். நாளைக்கு மனசு மாறும் என்று தெரிந்தே இன்று கட்டுப்படுவதில் ஒரு கௌரவம் உண்டு. அந்தக் கௌரவம் இந்தக் கப்பல் ஒப்பந்தத்துக்கு இல்லையா?

ஓரளவு இருக்கிறது. கப்பல்களின் பாகங்கள் ஆறு துறைமுகத் தளங்களில் கட்டப்பட்டன. கோவன், போர்ட்ஸ்மத், பர்கன்ஹெட், ஹெபர்ன், ஆப்பிள்டோர் ஆகிய இடங்களிலிருந்து கடல் வழியே இழுத்துக்கொண்டு வந்து ஸ்காட்லாந்தின் ரொசைத்தில் ஒன்றுசேர்த்தார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே கப்பல் கட்டித் தந்து பின்னால் நசித்துப்போன ஊர்கள் அவற்றில் உண்டு. நாட்டில் கப்பல் கட்டும் திறமை அடியோடு அற்றுப்போகாமலிருக்க, 2009-ல் பிரிட்டிஷ் அரசு முக்கியமான கட்டுமான நிறுவனத்துக்குப் 15 ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச வேலை தருவதாக உத்தரவாதமும் கொடுத்தது. ஒரு வெல்டருக்குப் பத்து வருஷம் வேலை என்று சொல்வது சாதாரண விஷயமல்ல. அவன் அதை நம்பி வீட்டுக் கடன் வாங்குகிறான், பெண்ணைப் படிக்க வைக்கிறான். அவனிடம் போய், உன் கப்பல் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று சொல்வதற்கு ஒரு கல்நெஞ்சம் வேண்டும். போர்க்கருவி கூடாது என்கிற நம்மில் பலர் இந்த வெல்டரைக் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

இருந்தும், வாக்கும் இந்த ஒப்பந்தமும் ஒன்றல்ல. யுலிஸஸ் கட்டியது தன்னை. வெல்டருக்கு வேலை என்ற வாக்கைக் காப்பாற்றப் பல வழிகள் இருந்தன. கப்பலே வழி என்று ஆக்கியது ஒரு தேர்வு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் கட்டிவைத்தது, தங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களின் கையை. நம்மிடம் ஒரு வசனம் உண்டு. உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயப்படலாமா என்பார்கள். துணிவைப் பற்றிய வாசகம் என்று இதை எடுத்துக்கொள்கிறோம். அது துணிவாக இருப்பது ஒரு நிபந்தனையின் பேரில்தான். உரலுக்குள் இருப்பது கொடுத்தவனுடைய சொந்தத் தலையாக இருக்க வேண்டும். அடுத்தவன் தலையை உள்ளே வைத்துவிட்டு இதே வசனத்தைச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

பிரிட்டனோடு முடிகிற கதையல்ல இது. 2004-ல் இந்தியா ரஷ்யாவிடமிருந்து அட்மிரல் கோர்ஷ்கோவ் என்ற பழைய கப்பலை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. கப்பல் இனாம், புதுப்பிக்கும் செலவு மட்டும் 97.4 கோடி டாலர் என்பது பேச்சு. 2008-ல் வந்து சேர வேண்டும். பாதி வேலையில், செலவு அதிகமாகும் என்று ரஷ்யா சொன்னது. பணம் கொடுத்தாயிற்று, கப்பல் வடகடலோரத்தில் அவர்கள் தளத்தில் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது, இந்தியாவிடமிருந்த ஒரே கப்பலான விராட் 1959-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த கிழவி. புலிவாலை விட வழியில்லை. 2010-ல் விலை 230 கோடி டாலருக்கு மேல் என்று திருத்தி எழுதப்பட்டது. 2013 நவம்பரில் அது விக்ரமாதித்யா ஆயிற்று. இனாம் என்ற சொல்லை அதன் பிறகு யாரும் உபயோகிக்கவில்லை.

இவ்வளவு விலை கொடுத்து வந்த ஒன்று, வந்தபின் தன்னை உபயோகிப்பவனையும் கட்டிப்போடுகிறது. நிறுத்த முடியாதது என்று பிறந்தது, இழக்க முடியாதது என்று வளர்கிறது. 1982-ல் ஃபாக்லாந்துப் போரில் அர்ஜென்டினாவிடம் ஒரு விமானம் தாங்கிக் கப்பல் இருந்தது. மே 25 என்ற தேதியையே பெயராகக் கொண்ட கப்பல். பிரிட்டனின் பர்கன்ஹெட்டில் இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டப்பட்டு, நெதர்லாந்துக்குக் கைமாறி, பிறகு அர்ஜென்டினாவுக்கு வந்தது. மே முதல் நாட்களில் தாக்குதலுக்குத் தயாராக நின்றது. காற்றுப் போதாததால் விமானங்கள் கிளம்ப முடியவில்லை. மே 2 அன்று ஜெனரல் பெல்கிரானோ என்ற மற்றொரு அர்ஜென்டினக் கப்பல், பிரிட்டிஷ் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு 323 பேரோடு மூழ்கியது. உடனே மே 25 கரையோரம் திரும்பிவிட்டது. போர் முடியும்வரை வெளியே வரவில்லை. அதன் விமானங்கள் தரையிலிருந்து பறந்து போரிட்டன. போருக்காக வாங்கிய கப்பலைப் போரிலிருந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று.

எதிர்ப் பக்கத்திலும் அதே தர்க்கம்தான். பிரிட்டனின் இரண்டு விமானம் தாங்கிக் கப்பல்களும் தீவுகளுக்கு வெகு கிழக்கே நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு முன்னால் காவலுக்கு நின்ற கப்பல்களில் ஒன்று ஷெஃபீல்ட். மே 4 அன்று ஏவுகணை அதைத் தாக்கி 20 பேர் இறந்தார்கள். காவல் கப்பலின் தர்மமே அதுதான் என்று கடற்படைக்காரர்கள் சொல்வார்கள், தவறில்லை. ஆனால் எந்த உயிர் முன்னால் நிற்க வேண்டும், எந்த இரும்பு பின்னால் நிற்க வேண்டும் என்ற வரிசையை விலைதான் போட்டுக்கொடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரலுக்குள் இப்போது இன்னும் சில தலைகள்.

எல்லாக் கப்பலும் இப்படித்தான் என்று ஒரு விதியை வகுத்துவிட முடியாது. 1971-ல் விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்துபோன கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்பது பெரிய கேள்வி. கிழக்குக் கடற்படைத் தலைவராயிருந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் அதை அந்தமானில் மறைத்து வைத்தார். டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. நாட்டின் ஒரே விமானம் தாங்கியை, விரிசலோடு, பணயம் வைக்கும் சுதந்திரம் ஒரு மனிதனிடம் இருந்தது. அவர் அதைப் பிரயோகித்தார். எதிரியை ஏமாற்ற விக்ராந்தைப் போல நடித்துக்கொண்டு கடலுக்குப் போனது ராஜ்புத் என்ற பழைய சிறு கப்பல் என்பதையும் மறக்க வேண்டாம். விதிவிலக்குக்குள்ளும் விதி எட்டிப்பார்க்கிறது. என்றாலும் தீர்மானம் என்ற ஒன்று அங்கே இருந்தது. யார் எடுத்தார் என்று பெயர் சொல்ல முடிகிறது. தவறிப் போயிருந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரிந்திருக்கும்.

இந்தப் பெயர் சொல்ல முடிவதைத்தான் பொறுப்பு என்கிறேன். ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்பது பிறகு. அதற்கு முன்னால், அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வழி இல்லாத இடத்தில் நன்மை தீமை என்ற பேச்சே எழுவதில்லை; அங்கே நடப்பு மட்டும்தான். ஆகவே குற்றம் கடைசியில் கட்டி முடித்தவனிடம் இல்லை. அந்த வழியை அடைத்து எழுதிய ஷரத்தில் இருக்கிறது. அதை எழுதிய மேஜையில் கொடியோ பீரங்கியோ இல்லை. இழப்பீட்டுத் தொகை பற்றிய சில வரிகள் இருந்திருக்கும், அவ்வளவே.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபணை உண்டு. 2024 பிப்ரவரியில் நேட்டோவின் பெரிய பயிற்சிக்குப் புறப்படவிருந்த குயீன் எலிசபெத் உந்துதண்டின் இணைப்பில் கோளாறு கண்டு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் போனது இரண்டாவது கப்பல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். அதுவும் 2022 ஆகஸ்டில் இதே போன்ற கோளாறால் போர்ட்ஸ்மத்தை விட்டுக் கிளம்பிய மறுநாளைக்குள் நின்று, மாதக்கணக்கில் ரொசைத்தில் கிடந்ததுதான். இருந்தாலும் வேண்டாத கப்பல் வேண்டிய நேரத்துக்கு உதவியது. பார்த்தீர்களா, ஒப்பந்தம் போட்டவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று இப்போது சொல்லலாம், சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உதவியது உண்மை. ஆனால் இந்த உதவியை எதிர்பார்த்தா 2010-ல் அதைக் கட்டினார்கள்? இல்லை, ரத்து செய்தால் நஷ்டம் என்பதற்காகக் கட்டினார்கள். பின்னால் கிடைக்கும் பிரயோஜனம் முன்னால் இல்லாத காரணத்தை உண்டாக்கிவிடாது. இருக்கிற எதற்கும் ஒரு உபயோகம் கிடைத்துவிடும். 65,000 டன் இரும்புக்குக் கிடைக்காமலா போகும்? உபயோகம் கிடைத்ததும் கேள்வி மறந்துபோகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அடுத்த ஷரத்தை எழுதுகிறவனுக்கு இந்த மறதியைவிட வேறு சௌகரியம் வேண்டியதில்லை. அவன் கையெழுத்துப் போடும்போது உலக்கை வெகு தூரத்தில் இருக்கிறது. யார் தலைக்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் ஏற்பட்டதில்லை.