நன்றாக ஓடுவதை நிறுத்துகிறவர்கள்

கூகுள் நிறுவனத்துக்குள் சப்பி என்றொரு மென்பொருள் உண்டு. வெளியாட்கள் கண்ணில் அது படாது. பல கணினிகள் சேர்ந்து ஒரு வேலையைப் பார்க்கும்போது எது தலைமை ஏற்பது, எதை யார் பூட்டி வைத்துக்கொள்வது என்று தீர்த்துவைப்பது அதன் பணி. அபூர்வமாகத்தான் படுக்கும். அதுவே வினையாயிற்று. இது ஒருநாளும் நிற்காது என்ற நினைப்பில் மற்றக் குழுவினர் தங்கள் சேவைகளை அதன்மேல் கட்டிவிட்டார்கள். எப்போதோ அது நின்றபோதெல்லாம் அவையும் கூடவே விழுந்தன, பயனர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

சப்பியைப் பராமரிக்கும் பொறியாளர்கள் கண்ட மருந்து விசித்திரமானது. இவ்வளவு நேரம் நின்றாலும் பரவாயில்லை என்று எந்தச் சேவைக்கும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். ஒரு காலாண்டில் சப்பி தானாக அந்த அளவுக்கு நிற்கவில்லையென்றால், வேண்டுமென்றே அணைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். சொன்னபடி ஓடினால் போதும், சொன்னதைவிட ரொம்ப நன்றாக ஓடிவிடக் கூடாது! அணைத்ததும் யார் யார் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பியிருந்தார்கள் என்பது வெளியே வந்துவிடும். திருத்திக்கொள்ள நேரமும் இருக்கும்.

இந்த வகையில் பெயர் வாங்கியது நெட்ஃபிளிக்ஸின் கேயாஸ் மங்கி என்ற மென்பொருள்தான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் கைக்கு வந்த ஒன்றை நிறுத்திவிடும் குரங்கு அது. அதையும் வேலைநாளில், அலுவலக நேரத்தில் செய்யும். எல்லோரும் இருக்கையில் இருக்கும்போதே விழட்டும் என்ற கணக்கு. அந்தக் குரங்கு கெட்டிக்காரக் குரங்குதான். ஆனாலும் எனக்குச் சப்பி ஒரு படி மேலாகத் தெரிகிறது. அடிக்கடி மக்கர் செய்கிற ஒன்றுக்கு எல்லோருமே மாற்று ஏற்பாடு வைத்திருப்போம். பல வருடமாகப் பழுதே ஆகாததற்கு யார் வைப்பார்கள்? தினமும் பேக்கப் எடுக்கிற அலுவலகங்களில், அதிலிருந்து ஒருமுறையாவது மீட்டெடுத்துப் பார்த்தவை எத்தனை?

அப்படிப் பல வருடம் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமேசான் ஓர் உதாரணம். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வர்ஜீனியா வட்டாரத்தில் முடங்கியது. பராமரிப்பின்போது ஒரு கட்டளை தவறாக அடிக்கப்பட்டு, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கிவிட்டன. மறுபடி கிளப்ப மணிக்கணக்கானது. முழுவதுமாக அணைத்து மறுபடி தொடங்கவேண்டியிருந்த உட்பிரிவுகளைப் பெரிய வட்டாரங்களில் பல ஆண்டுகளாக அப்படிச் செய்ததே இல்லை என்று அமேசானே பிறகு விளக்கியது. இதற்கு நடுவே இன்னொரு கூத்து. எந்தச் சேவை ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் நிலைப் பலகையை அவர்களால் மாற்றவே முடியவில்லை. அதை மாற்றும் மென்பொருளும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. முதல் இரண்டு மணி நேரம் செய்தியைச் சொல்ல ட்விட்டருக்குப் போக வேண்டியதாயிற்று.