ஆகாசமும் லைசென்ஸும்

சப்தம் ஆகாசத்தின் குணம் என்றும், அந்த ஆகாசம் ஒன்றே, எங்கும் வியாபித்தது, கூறுபோட முடியாதது என்றும் வைசேஷிகர் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டு அலமாரியில் வீட்டுவரி ரசீதுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த ரேடியோ லைசென்ஸ் புத்தகந்தான் என் நினைவுக்கு வருகிறது. அப்பா வருஷந்தோறும் தபாலாபீசில் பணம் கட்டுவார். ஒட்டிய கட்டண வில்லைகளின்மேல் வட்ட முத்திரை விழுந்து, ஓரத்தில் மை சற்று இழுசியிருக்கும். பங்கிட முடியாத ஒன்றைக் கேட்பதற்கு அனுமதி கொடுப்பவர் யார்?

சென்னை ஒலிபரப்பின் கதையிலிருந்தே தொடங்கலாம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924 மே 16-இல் நிறுவிய சென்னை மாகாண ரேடியோ கிளப், ஜூலை 31 முதல் 40 வாட் கருவியால் ஒலிபரப்பத் தொடங்கி, பின்பு 200 வாட் வரை வளர்ந்தும், பணமுடையால் 1927-இல் மௌனமாயிற்று. அக்கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை மீண்டும் நடத்தியது; 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலி அதை ஏற்றுக்கொண்டது. இடையில் வந்த 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமோ, ஆகாசத்தைத் தொடாமல், லைசென்ஸின்றிக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று.

சட்டம் ஆகாசத்தை விட்டுக் கருவியைப் பிடித்தது தத்துவத்திற்கு இசைந்ததே. சப்தம் நித்தியம், பேசுபவனின் முயற்சி அதை வெளிப்படுத்துகிறதேயன்றிப் படைப்பதில்லை என்பது மீமாம்சகர் கொள்கை. மத்திய அலையும் அவ்வாறே, வீட்டுச் சுவரையும் நம் உடலையும் ஓசையின்றிக் கடந்துபோய்க்கொண்டிருக்க, ரேடியோவின் முள்ளைத் திருப்பிய பிறகே, அதன் வீச்சு ஏறியிறங்கிய வடிவம் பாட்டாக வெளிப்படுகிறது. அருகருகே இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் ஊளைதான் மிஞ்சும். ஆகையால் ஒலிபரப்புகிறவனுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை மனமார ஒப்புகிறேன். ஆனால் ஒருவன் கேட்பதனால் அடுத்தவனுக்கு அணுவளவும் குறைவதில்லையே! கேட்பவனை எந்த நியாயத்தால் கட்டுப்படுத்துவது? நிலையம் நடத்தப் பணம் வேண்டும் என்பது நிர்வாகத்தின் நியாயம்; ஆகாசத்தின் நியாயம் அன்று.

மாநகராட்சி மெரினாவில் ஒலிபெருக்கி வைத்திருந்தது. மாலை வேளைகளில், வலையை உதறிவிட்டு மணலில் வந்து உட்கார்ந்து, வித்துவானின் ஆலாபனையைக் கடைசிவரை கேட்டுப்போனவனிடம் எவரும் புத்தகம் கேட்கவில்லை.